கற்கண்டும் கம்பிப் பல்லும்

கல்முனை
20.02.2025

அன்பு மகள் பஹ்மிதாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் வாப்பாவுக்கு இருமல் விட்டுவிட்டது, என் முழங்கால்தான் விடுவதாக இல்லை. மற்றப்படி அல்ஹம்துலில்லாஹ். கண்டிக் குளிர் உன் தொண்டையைப் பிடிக்காமல் இருக்கிறதா?

உங்கள் அரபுக் கல்லூரி விடுதியில் போன் வைத்திருக்க விடாதது ஒரு வகையில் நல்லது. வெள்ளிக்கிழமை மேட்ரனின் போனில் நீ பேசும்போது, பின்னால் வரிசையில் நிற்கும் பிள்ளைகளின் மூச்சும் சேர்ந்து எனக்குக் கேட்கிறது. அந்த நெரிசலில் மனத்தில் உள்ளதை யார் சொல்வது? எழுது. நானும் எழுதுவேன்.

நோன்பு பிறக்கப் போகிறது. கடையில் பேரீச்சம்பழப் பெட்டிகளுக்கு நடுவே நான் பக்கவாட்டில்தான் நடக்கிறேன். உனக்கு ஒரு பார்சல் வருகிறது. பேரீச்சம்பழம், சர்பத் போத்தல், கற்கண்டு. கற்கண்டை மட்டும் தாராளமாகப் போட்டிருக்கிறேன். குர்ஆன் ஓதும்போது தொண்டை வறளாமல் கன்னத்தில் ஒரு துண்டை ஒதுக்கி வைத்துக்கொள். ஓதுகிற ஆட்கள் என் கடையில் விரும்பி வாங்குவது அதைத்தான்.

உனக்கு ஓதக் கற்பிக்கும் நதீரா மௌலவியா சொன்னதை நான் மறக்கவில்லை. "குரல் இருக்கு, மூச்சு இருக்கு. அரபியில மீம் எழுத்துக்கு ரெண்டு உதடும் சேரணும், உங்கட மகளுக்குச் சேருதில்லியே" என்றார். மேல் பல் முன்னால் துருத்தி முளைத்த நாளிலிருந்து உன் வாய் முழுதாக மூடியதில்லை. பள்ளிக்கூடத்தில் உன்னைத் தேங்காய்த் திருவலை என்று கூப்பிட்டார்கள். கிளிப் போட்டது அழகுக்காக என்று ஊர் சொல்லட்டும். பல் டொக்டர் தர்சிகா செப்டெம்பரில் கம்பியைக் கழற்றலாம் என்றிருக்கிறார். ஒக்டோபரில் உங்கள் கல்லூரி விழாவைத் தொடக்கி வைத்து நீ ஓத வேண்டும். அதுதான் என் ஆசை. சின்ன ஆசை என்று நான் பொய் சொல்ல மாட்டேன்.

வஸ்ஸலாம்.
உம்மா ஸகியா


கண்டி
13.03.2025

அன்புள்ள உம்மாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். நோன்புக் களைப்பு உங்களைப் போட்டு வாட்டாமல் இருக்க துஆ செய்கிறேன். வாப்பாவுக்கு என் ஸலாம்.

பார்சல் கிடைத்தது. பேரீச்சம்பழத்தில் பாதியை எங்கள் அறையே தின்று தீர்த்துவிட்டது. கற்கண்டு மட்டும் என்னோடு. நோன்பு திறந்ததிலிருந்து விடியமுன் சஹர் சாப்பாடு வரை ஏதாவது ஒரு நேரம் ஓதிக்கொண்டேதான் இருக்கிறேன். கன்னத்தில் கற்கண்டும் இருந்துகொண்டே இருக்கிறது. உண்மையில் குரல் இளகித்தான் வருகிறது உம்மா. நதீரா மௌலவியாவே திரும்பிப் பார்த்தார்.

இங்கே சஹர் நேரம்தான் பெரிய கூத்து. சாப்பிட்டு எழும்புவதற்குள் குழாயடியில் வரிசை நின்றுவிடும். என் முறை வருமுன் நோன்பு தொடங்கும் பாங்கு சொல்லிவிடுவார்கள். பகலில் பற்பசை தொண்டைக்குள் போனால் நோன்பு போய்விடும் என்று பயம். அதனால் மிஸ்வாக் குச்சியால் முன் பல்லை மட்டும் தேய்த்துவிட்டுப் படுக்கிறேன். கம்பிக்கு உள்ளே அது போகாது. பெருநாள் முடிய எல்லாம் சரியாகிவிடும்.

இந்த மாதம் பல் கிளினிக் போகவில்லை. நோன்போடு பஸ்ஸில் அலைய மேட்ரன் விடவில்லை.

உங்கள் துஆவில் எனக்கும் இடம் வையுங்கள்.
பஹ்மிதா


கல்முனை
03.04.2025

அன்பு மகளுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாள் வாழ்த்து. உன் உடம்பும் மனமும் சுகமாக இருக்க வேண்டும்.

நீ இல்லாத பெருநாள். வாப்பா உன் பங்கு வட்டிலப்பத்தையும் சேர்த்துத் தின்றுவிட்டு, "புள்ளைக்காகத்தான் தின்டன்" என்றார். மருதமுனையில் சொல்லி வைத்து உனக்கு ஒரு கைத்தறிச் சாரி எடுத்திருக்கிறேன். மேடைக்கு.

உனக்குப் பிடித்த இனிப்பு, தொதல் அனுப்புகிறேன், பெரிய துண்டு. கற்கண்டு முடிந்திருக்கும், அதுவும் வருகிறது. கிளினிக்குக்குப் போய் டொக்டர் என்ன சொன்னார் என்று எழுது.

துஆவோடு,
உம்மா


கண்டி
30.04.2025

அன்புள்ள உம்மா,

அஸ்ஸலாமு அலைக்கும். நலம். நீங்களும் வாப்பாவும் நலமாக இருக்க அல்லாஹ்விடம் கேட்கிறேன்.

கிளினிக் போனேன். பல் நன்றாக உள்ளே வந்திருக்கிறதாம். தொதலை என் பக்கத்துக் கட்டில் றுஸ்தாவிடம் கொடுத்துவிட்டேன். இனிக் கற்கண்டு அனுப்ப வேண்டாம்; இங்கே கடையில் கிடைக்கிறது.

மே மாதம் பெற்றோர் வரும் நாளில் நீங்கள் வர வேண்டாம். பரீட்சை நெருங்குகிறது. பயணமும் தூரம்.

பஹ்மிதா


கல்முனை
07.05.2025

மகள் பஹ்மிதாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லோரும் சுகம். நீ சுகம் என்று எழுதியிருப்பதை நான் நம்பவில்லை.

பொல்லாத காய்ச்சல் என்றாலும் தொதலை விடாத பிள்ளை நீ. அதைத் தூக்கி றுஸ்தாவுக்குக் கொடுத்தாய். உம்மாவின் கடையில் சும்மா கிடைக்கும் கற்கண்டை வேறு கடையில் வாங்குகிறாய். வராதே என்கிறாய். கடைக்கு வழக்கமாக வருகிற ஆள் திடீரென்று வேறு தெருவால் நடந்தால் நான் வீட்டுக்கே போய்க் கேட்பேன், "என்னகா, என்ன நடந்தது? அரிசியில கல்லா, என்ட வாயில குறையா?" என்று. உன்னிடமும் கேட்கிறேன். டொக்டர் பல் உள்ளே வந்ததைச் சொன்னார், சரி. அதற்குப் பிறகு என்ன சொன்னார்?

கோபித்தால் கோபிக்கிறேன். அது என் வேலை. மறைப்பது உன் வேலை இல்லை.

பதிலுக்குக் காத்திருக்கும்,
உம்மா


கண்டி
16.05.2025

அன்புள்ள உம்மாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? இதை நின்றபடி வாசிக்காமல் இருந்துகொண்டு வாசியுங்கள்.

டொக்டர் தர்சிகா ஏப்ரலில் என் வாயைத் திறந்து பார்த்தார். பிறகு கையில் கண்ணாடியைத் தந்தார். ஒவ்வொரு பல்லிலும் ஒட்டியிருக்கும் சின்னக் கட்டையைச் சுற்றி வெள்ளை வெள்ளையாய், சுண்ணாம்பு தொட்டு வைத்ததுபோல். நான் அதை முதலே கண்டிருந்தேன் உம்மா. பற்பசை காய்ந்திருக்கிறது என்று நினைத்தேன்.

"இது ஒட்டினது இல்ல பஹ்மிதா, கரைஞ்சது" என்றார். பல்லுக்கு மேலே மினுங்குவது எனாமலாம். கம்பிக்குள் இனிப்பு தங்கினால் கிருமி அதைத் தின்று புளிக்குமாம். அந்தப் புளிப்பு எனாமலிலிருந்து சத்தை எடுத்துவிடுமாம். "ஓதுறதுக்கு எண்டு வாயில என்ன வைச்ச?" என்று கேட்டார். சொன்னேன். "இரவு முழுக்கவா?" ஓம் என்றேன். "பிறகு பல்லு விளக்கல்ல?" ஓம் என்றேன்.

இன்னும் குழி விழவில்லை. ஆனால் இப்படியே போனால் விழும். அடுத்த இரண்டு தடவையும் பல்லில் ஊத்தை இருந்தால் கம்பியைக் கழற்றிவிடுவாராம். வேலை பாதியிலேயே. கம்பி போட முதல் பல் பிடுங்கி எடுத்த இடைவெளியும் அப்படியே, துருத்தலும் பாதி அப்படியே. "வளைஞ்ச பல்லோட வாழலாம், அழிஞ்ச பல்லோட ஏலாது" என்றார். அவர் சொல்வதில் பிழை இல்லை.

கழற்றினால் என் உதடு சேராது. சேராவிட்டால் நான் என்றைக்கும் பின் வரிசைதான்.

கற்கண்டு நீங்கள் தந்தது என்பதால் சொல்லவில்லை. உங்களுக்கு மனம் நோகும் என்று நினைத்தேன்.

மன்னிப்பைக் கேட்கும்,
பஹ்மிதா


கல்முனை
19.06.2025

அன்பு மகளுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஹஜ்ஜுப் பெருநாள் நல்லபடி போனது. பதில் சுணங்கிவிட்டது, கடையில் வேலை. நடுவில் ஒரு அலுவலாக வெளியூர் போய் வந்தேன். பஸ் வளைவுக்கு வளைவு என்னைப் பிழிந்து காயப் போட்டது. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

பார்சலில் இனிப்பு இல்லை. தேடாதே. சின்னத் தலை வைத்த மெல்லிய பிரஷ், கம்பிக்கு இடையில் நுழையும் ஊசி போன்ற பிரஷ், ஃபுளோரைட் பற்பசை, கொப்பளிக்கும் மருந்து, ஒரு கண்ணாடி. ஒரு பெட்டியில் சிவப்பு மாத்திரை. விளக்கி முடிந்து ஒன்றை மென்று துப்பு. ஊத்தை உள்ள இடம் சிவந்து நிற்கும். சிவப்புப் போகும்வரை திரும்ப விளக்கு. எங்கே வாங்கினேன் என்று கேட்காதே.

அடுத்தது குழாய். வரிசை, வரிசை என்று எழுதுகிறாயே, பல் விளக்கக் குழாய் எதற்கு மகள்? ஒரு ஜக்குத் தண்ணீர், ஒரு பேசின், ஒரு யன்னல். நான் கடை தொடங்கிய காலத்தில் தண்ணீர் வசதி இல்லாமல் ஒரு பேசினில்தான் கோப்பை கழுவி, தேத்தண்ணி விற்றேன். அந்தப் பேசினும் பார்சலில் இருக்கிறது.

கற்கண்டைப் பற்றி ஒன்று மட்டும். தந்தது நான். எனக்கு நொந்தது, நீ நினைத்ததைவிடக் கூட. நொந்துவிட்டு எழும்பிவிட்டேன். நீயும் எழும்பு.

துஆவோடு,
உம்மா


கண்டி
08.07.2025

அன்புள்ள உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். இந்த முறை நம்பலாம்.

முதல் நாள் மாத்திரையை மென்றபோது றுஸ்தாவும் கேட்டாள். அவளைப் பார்த்து மற்றவர்கள். ராச் சாப்பாட்டுக்குப் பிறகு அறை முழுக்கச் சிவந்த வாய். மேட்ரன் கதவைத் திறந்தவர், "யா அல்லாஹ், எல்லாரும் வெத்திலையா போட்டிருக்கீங்க?" என்று கத்தினார். அவருக்கும் ஒன்று கொடுத்தோம். கம்பி இல்லாத அவர் வாய்தான் எல்லோரையும்விடச் சிவப்பு. மறுநாளே யன்னலோரம் இன்னும் இரண்டு பேசின் வந்துவிட்டது.

நதீரா மௌலவியாவிடம் நோன்பைப் பற்றியும் கேட்டேன். "பல்லு விளக்காத எண்டு யாரு புள்ள உனக்குச் சொன்ன? சஹருக்குப் பிந்தி நேரமில்லையெண்டா முந்தி எழும்பு. சோறு தின்ன எழும்பத் தெரியுதே" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் எல்லோருக்கும் முன்னால்.

கிளினிக்கில் டொக்டரும் அதே சிவப்பு மாத்திரையைத் தந்தார். துப்பினேன். விளக்கைத் திருப்பி ஒவ்வொரு பல்லாகப் பார்த்தார். கீழே கடைவாயில் ஒரு மூலை மட்டும் சிவப்பு. வெள்ளை இருந்த அளவிலேயே நிற்கிறதாம், கூடவில்லை. "இந்த முறை தப்பிட்டீங்க" என்றவர் பிறகு சொன்னார், "உங்கட உம்மா இந்தக் கதிரையிலதான் இருந்தவ."

நான் வாயைத் திறந்தபடியே இருந்தேன். நீங்கள் சொன்னதை அவர் அப்படியே சொன்னார்:

"'என்ட புள்ள எண்டு இரக்கம் பாக்காதீங்க மிஸ். பல்லு அழியுதெண்டா நாளைக்கே கழட்டுங்க. அழியல்ல எண்டா ஒரு நாளும் முந்திக் கழட்டாதீங்க.' இதைச் சொல்லிப்போட்டு, என்னென்ன வாங்கவேணும் எண்டு கேட்டு, எழும்பிப் போயிட்டா."

கண்டிவரை வந்து என்னைப் பார்க்காமல் ஏன் போனீர்கள் உம்மா?

பஹ்மிதா


கல்முனை
22.07.2025

அன்பு மகளுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதத்தை வாப்பா வாசிக்க வாசிக்க நான் சாமான் நிறுத்தேன். ஒரு அம்மாளுக்குச் சீனிக்குப் பதிலாக உப்பை நிறுத்துக் கொடுத்துவிட்டேன். அவ திரும்பி வந்து சண்டை பிடித்துவிட்டுப் போனா. சுகத்துக்கு ஒரு குறையும் இல்லை.

ஏன் பார்க்காமல் வந்தேன்? பார்த்திருந்தால் நான் அழுவேன், நீ அழுவாய், பிறகு இரண்டு பேரும் போய் ஏதாவது இனிப்பாய்ச் சாப்பிட்டிருப்போம். எனக்கு என்னைத் தெரியும்.

உனக்கு அனுப்பி மிச்சமிருந்த மாத்திரையில் ஒன்றை நானும் மென்றேன், கடையில் வைத்தே. முன்னுக்கு நின்ற காரைதீவு டீச்சர், "ஸகியா, வாயில ரெத்தம்!" என்று கதிரையை இழுத்துப் போட்டார். நான் சிரித்ததில் அவருக்கு இன்னும் பயம். உன் வாப்பாவும் ஒன்றை வாங்கி மென்றார். அவர் வெற்றிலை போட்ட வாயில் எது மாத்திரை, எது வெற்றிலை என்று டொக்டராலும் சொல்ல ஏலாது.

இப்போது கடையில் கற்கண்டுப் போத்தலுக்குப் பக்கத்திலேயே அந்த ஊசிப் பிரஷைத் தொங்கவிட்டிருக்கிறேன். கம்பிப் பல்லோடு பிள்ளை வந்து கற்கண்டு கேட்டால், "வாயைக் காட்டு முதல்ல" என்கிறேன். சில தாய்மார் கோபித்துக்கொண்டு போனார்கள். போனவர்கள் பிரஷ் வாங்கத் திரும்பி வந்தார்கள். நான் கடைக்காரி, நல்லதைச் சும்மா கொடுக்க மாட்டேன், விற்பேன். விற்றால்தான் மதித்துப் பாவிப்பார்கள்.

இன்னும் ஒரு தடவை இருக்கிறது. ஒரு மூலை சிவப்பு என்றாயே, அந்த மூலையைப் பிடி.

துஆவோடு,
உம்மா


கண்டி
14.09.2025

என் உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்களுக்கும் வாப்பாவுக்கும் உடம்பு சுகமாய் இருக்கட்டும். எனக்கு இன்றைக்கு நோவு, காய்ச்சல், பசி ஒன்றுமே தெரியவில்லை.

ஓகஸ்டில் சிவப்பு ஒரு பொட்டும் இல்லை. டொக்டர் கண்ணாடியை என்னிடம் தராமல் தன் தாதிக்குப் பல்லைக் காட்டினார், "வந்து பாருங்க, இதுதான் பல்லு" என்று. முந்தாநாள் வெள்ளிக்கிழமை கம்பியைக் கழற்றினார்கள். கட்டைகள் ஒவ்வொன்றாக 'டக், டக்' என்று விட்டன. நாக்கால் தடவினேன். வழுவழு என்று, வேறு யாருடையதோ பல்போல.

வெள்ளை இருக்கிறது உம்மா. ஒளிக்கவில்லை. முன் இரண்டு பல்லிலும் சதுரமாக, ஒட்டியிருந்த இடத்தைச் சுற்றி. பக்கத்தில் மங்கல். எச்சிலும் பற்பசையும் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக மறைக்கலாம், முழுக்கப் போகாது. பார்த்துக்கொண்டு, பிறகு தேவை என்றால் பூசி மறைக்கலாம் என்றார். இரவில் பல் நகராமல் இருக்கத் தட்டுப் போட வேண்டும். சரி என்றேன்.

பிறகு கண்ணாடியில் வாயை மூடிப் பார்த்தேன். மூடியது. நாடியை இழுக்காமல், உதட்டைக் கடிக்காமல், அதுவாகவே.

விடுதிக்கு வந்ததும் சாப்பிடாமல் நதீரா மௌலவியாவிடம் போய் ஓதினேன். மீம் வரும் இடங்களாகப் பொறுக்கி ஓதச் சொன்னார். கண்ணை மூடிக் கேட்டார். முடித்த பிறகும் மூடியபடியே இருந்தார். நான் பயந்துபோனேன். பிறகு, "ஒக்டோபர்ல நீதான் தொடங்குற. வேற யாரும் கேட்டா என்னட்ட அனுப்பு" என்றார்.

பெற்றோர் வரும் விழா உம்மா. வாருங்கள். இந்த முறை வாருங்கள்.

பஹ்மிதா


கல்முனை
21.10.2025

அன்பு மகள் பஹ்மிதாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நல்லபடி வந்து சேர்ந்தோம். வாப்பா வழியெல்லாம் நித்திரை. எனக்குக் கண் ஒட்டவில்லை, வருத்தத்தில் இல்லை.

விழா முடிந்த நெரிசலில் உன்னோடு நாலு சொல் கதைக்கக் கிடைக்கவில்லை. அதனால் எழுதுகிறேன். ஆண்களை வாசல் கேற்றடியில் நிறுத்திவிட்டார்கள் அல்லவா, நான் உள்ளே போகும்போதே வாப்பா, "எல்லாத்தையும் பாத்து வந்து சொல்லணும், ஒண்டும் விடப்படாது" என்று கட்டளை. நான் முன்னால் போய் இருந்துகொண்டேன். கதிரையில் யாரோ துண்டு போட்டுப் பிடித்திருந்தார்கள். எடுத்து மடித்து அவர்கள் கையில் கொடுத்துவிட்டு இருந்தேன்.

மருதமுனைச் சாரியில் நீ வந்து நின்றாய். வாய் மூடி நின்றாய். அதுவே எனக்குப் போதும் என்று நினைத்தேன். பிறகு நீ தொடங்கினாய். மீம் ஒவ்வொன்றும் மணிபோல் வந்து விழுந்தது. எனக்கு ஓதல் இலக்கணம் தஜ்வீத் தெரியாது, ஆனால் நல்ல சரக்கைத் தட்டிப் பார்க்கத் தெரியும்.

பக்கத்தில் ஒரு மனிசி, நல்ல வசதியான ஆள், மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு என் காதில் சொன்னா, "ஓதுறது யாருட புள்ளயோ, முன் பல்லுல வெள்ளை விழுந்திருக்கே, பாவம்."

"என்ட புள்ள" என்றேன். "ஓம், விழுந்தது. விழுந்த இடத்திலேயே நிப்பாட்டிப்போட்டாள். நீங்க ஓதுறதக் கேளுங்க."

கேட்டா. கடைசிவரை கேட்டா. நீ முடித்ததும் முதலில் கண்ணைத் துடைத்தது நான் இல்லை, அவ. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, தன் மகளுக்கும் பல் துருத்தல்தான், எந்த டொக்டர் என்று கேட்டா. டொக்டரின் பேரைச் சொன்னேன். என் கடையின் பேரையும் சேர்த்துத்தான் சொன்னேன்.

கேற்றடியில் வாப்பா எழும்பி நின்றார். "என்னவாம்?" என்றார். நான் உன்னைப்போல் ஓதிக் காட்டப் பார்த்தேன். வரவில்லை. வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது. கேற் காவலாளி பதறிப்போய், "புள்ளைக்கு ஓதுறதுல ஏதும் பிழைச்சிட்டா?" என்று கேட்டான்.

"ஒண்டும் பிழைக்கல்ல" என்றார் வாப்பா. "வென்டுட்டாள். இவ இப்பிடித்தான்."

உன் சுகத்துக்கும் குரலுக்கும் என்றும் துஆக் கேட்கும்,
உம்மா ஸகியா